கண்ணாடிக் கடையில் 6/6 வந்தாச்சு, இதுக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?

வண்டிப்பாளையத்தான் | 9 நவம்பர் 2024

வயது 43. பேப்பர் எழுத்து கொஞ்சம் மங்கலானதால் கடலூரில் ஒரு கண்ணாடிக் கடையில் இலவச கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்தேன். தூரப் பார்வை ரெண்டு கண்ணிலும் 6/6. படிக்க மட்டும் பிளஸ் 1.25 கண்ணாடி கொடுத்தார்கள். சுகர் இல்லை, பிரஷர் இல்லை. வீட்டில் அவங்க, "ஆஸ்பத்திரியில கண்ணை முழுசாக் காட்டிட்டு வாங்க" என்று விடாமல் சொல்கிறார். நன்றாகத் தெரியும்போது ஒரு நாள் லீவு போட்டு எதற்குப் போவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

புதுப்பாளையம் டீச்சர் | 9 நவம்பர் 2024, இரவு

போய்விட்டு வாங்க தம்பி. உங்கள் வீட்டில் சொல்வதுதான் சரி.

கடையில் தாடையை வைக்கச் சொல்லி, ரோட்டுக் கடைசியில் ஒரு பலூனைப் பார்க்கச் சொன்னார்களே, அந்த மெஷின் கண்ணாடியின் பவரைக் கணக்குப் போடுகிறது. வேலை அதோடு முடிந்தது. 6/6 என்பதும் நேராகப் பார்க்கும் நடுப் பார்வைக்குப் போடும் மார்க்தான். 6 மீட்டர் தூரத்தில் படிக்க வேண்டிய வரியை 6 மீட்டரில் படித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த எழுத்துப் பலகையை நெதர்லாந்தில் ஸ்னெல்லன் என்ற டாக்டர் 1862இல் கொண்டுவந்தார். இன்றைக்கும் அது நல்ல பலகைதான். ஆனால் பக்கவாட்டுப் பார்வை, கண்ணின் நீர் அழுத்தம், பார்வை நரம்பு, விழித்திரை ரத்தக் குழாய் எதைப் பற்றியும் அதற்குத் தெரியாது.

எங்கள் அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேப்பரில் ராசிபலன், கண்ணீர் அஞ்சலி வரை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். ஆனால் மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் தடுமாறுவார். சாப்பிட உட்கார்ந்தால் இலையை ஒட்டி வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். வயசாயிடுச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வழக்கமாகப் போகும் கடையில் அவ்வப்போது பவர் பார்த்துக் கண்ணாடி மாற்றிக்கொண்டுதான் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணையாக ஒரு கண் மருத்துவமனைக்குப் போனபோது, வந்தது வந்தோம் என்று தானும் சீட்டு போட்டார். டாக்டர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்துவிட்டு, "உங்க வீட்டு ஆளுங்க யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். குளுக்கோமா, பார்வை நரம்பு சத்தமில்லாமல் தேய்கிற நோய். வலது கண் நரம்பில் பெரும்பகுதி போயிருந்தது.

போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர இன்றுவரை மருந்தோ ஆபரேஷனோ கிடையாது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. ஒரு கண்ணில் விட்டதை இன்னொரு கண் ஈடுகட்டும், மூளையும் ஒட்டுப்போட்டு முழுப்படமாகக் காட்டிவிடும். பிறகு அவருக்கு எப்படித் தெரியும்?

புதுப்பாளையம் டீச்சர் | 10 நவம்பர் 2024

நேற்று விட்டுப்போனது. பைக்கில் போகாதீர்கள். கண் பாப்பாவை விரிய வைக்கச் சொட்டு விடுவார்கள். முதல் சொட்டு சுருக்கென்று எரியும், கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கும். கண்ணீர்க் குழாய் மூக்குக்குள் இறங்குவதால் வரும் கசப்பு அது, பயப்பட வேண்டாம். இருபது முப்பது நிமிடத்தில் பாப்பா விரிந்துவிடும். அப்புறம் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெளியே வெயில் கண்ணைக் குத்தும். ஒரு கூலிங் கிளாஸும் கூட ஒரு ஆளும் இருந்தால் போதும்.

கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறினால் கன்னியகோயில், கிருமாம்பாக்கம் தாண்டித் தவளக்குப்பத்தில் இறங்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது, 2003இல் வந்தது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ஊரிலேயே அரசு தலைமை மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் கண் என்றால் ரயிலேறி எழும்பூருக்குத்தான் போக வேண்டும். 1819இல் தொடங்கிய ஆஸ்பத்திரி, உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. தாத்தா அங்கே புரை எடுத்துக்கொண்டு பச்சைத் துணி கட்டித் திரும்பி வந்த கதையை வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

கேப்பர் மலையான் | 11 நவம்பர் 2024

டீச்சர், எனக்குக் காற்று அடிக்கும் மெஷினில் கண் அழுத்தம் 16 வந்தது. நார்மல் என்றார்கள். அப்போ குளுக்கோமா இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம்தானே?

புதுப்பாளையம் டீச்சர் | 11 நவம்பர் 2024

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது சார்.

சாதாரணமாக 10 முதல் 21 வரை என்பார்கள், பாதரச மில்லிமீட்டர் கணக்கு. கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, ஓரத்தில் ஒரு சல்லடை வழியாக வடிகிறது. வாஷ்பேசின் வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறுகிற மாதிரி வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறும், நரம்பை நசுக்கும். இது ஒரு வகை. அழுத்தம் 21ஐத் தாண்டாமலேயே நரம்பு தேய்கிற வகையும் உண்டு, அது அபூர்வம் என்று ஒதுக்கும் அளவுக்குக் குறைவு இல்லை. அழுத்தம் ஒரே நாளிலேயே ஏறி இறங்கும். கருவிழி மெல்லியதாக இருப்பவருக்கு மெஷின் உள்ளதை விடக் குறைவாகக் காட்டும், தடியாக இருந்தால் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் நல்ல இடத்தில் கருவிழியின் தடிமனையும் அளப்பார்கள், லென்ஸ் வைத்து வடிகால் கோணத்தையும் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நரம்பின் தலையை டாக்டர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். 16 என்று எழுதியவர்கள் நரம்பைப் பார்த்தார்களா? சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வரைந்து 0.3, 0.4 என்று ஏதாவது எழுதியிருந்தால் பார்த்திருக்கிறார்கள்.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரை அரவிந்த் டாக்டர்கள் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. குளுக்கோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல், தங்களுக்கு அது இருப்பது அன்றுவரை தெரியாது. படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது இல்லை.

பாகூர் மருமகள் | 13 நவம்பர் 2024

டீச்சரம்மா, எங்க அத்தைக்குப் பன்னிரண்டு வருஷமா சுகர். மாத்திரை ஒழுங்காப் போடுறாங்க. கண்ணுக்குக் கூப்பிட்டா, "ஊசியில நூல் கோக்குறேன், எனக்கென்ன"ன்னு சண்டைக்கு வர்றாங்க.

புதுப்பாளையம் டீச்சர் | 14 நவம்பர் 2024

இன்றைக்கு உலக நீரிழிவு நாள், பொருத்தமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நூல் கோக்கிறார்கள் என்பது நடுப் பார்வை இன்னும் கெடவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. சுகரால் விழித்திரையில் பாதிப்பு தொடங்கும்போது பார்வையில் ஒரு மாற்றமும் தெரியாது. மெல்லிய ரத்தக் குழாய்கள் புடைக்கும், கசியும், பிறகு அடைபடும். அடைபட்ட இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை பலமில்லாதவை, ஒரு நாள் உடைந்து ரத்தம் கண்ணுக்குள் கொட்டும். அன்றைக்குத்தான் "கண்ணு மறைக்குது" என்று ஓடுவார்கள். அதற்குப் பல வருஷம் முன்பே டாக்டர் பார்த்திருந்தால் கசிவு தெரிந்திருக்கும், லேசரோ ஊசியோ போட்டு நிறுத்தியிருக்கலாம்.

டைப் 2 சுகர் என்று தெரிந்த அன்றே முதல் தடவை கண்ணைப் பார்க்க வேண்டும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறை. டைப் 1 என்றால் தெரிந்து ஐந்து வருஷத்துக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே சுகர் இருக்கும் பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்திலேயே காட்ட வேண்டும், கர்ப்ப காலத்தில் அது வேகமாக முற்றலாம்.

எங்கள் அம்மாவும் உங்கள் அத்தை ரகம்தான். முதல் தடவை கூட்டிப்போனபோது வரிசையில் உட்கார்ந்தே, முன்னால் போனவர்கள் படித்ததைக் கேட்டு எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டார்! பரிசோதிக்கிற பெண் கடைசி வரியைக் காட்டும் முன்பே அம்மா மடமடவென்று ஒப்பித்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வேறு பலகையை மாட்டினாள். அத்தையிடம் நோயைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். "கால் பார்க்கிறோம், கிட்னி பார்க்கிறோம், கண்ணையும் பார்த்துடலாம் வாங்க அத்தை" என்று சுகர் டாக்டரிடம் போகிற நாளோடு சேர்த்துவிடுங்கள். அம்மா விஷயத்தில் அதுதான் வேலைக்கு ஆயிற்று.

இன்னொன்று. உடம்பைக் கீறாமல் ரத்தக் குழாயை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் கண் மட்டும்தான். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைச் செய்ததிலிருந்து டாக்டர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரத்தக் கொதிப்பு இருக்கிறதென்றே தெரியாதவருக்குக் கண் டாக்டர் முதலில் கண்டுபிடித்துச் சொல்வது உண்டு.

புதுப்பாளையம் டீச்சர் | 17 நவம்பர் 2024

எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை என்று ரெண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். எல்லோரும் வருஷா வருஷம் போங்கள் என்று சொல்லத்தான் முதலில் கை வந்தது. யோசித்துப் பார்த்தால் அப்படிப் பொதுவாகச் சொல்வது சரிவராது. ஒரு தொந்தரவும் இல்லாத முப்பது வயதுக்காரர் வருஷா வருஷம் ஒரு நாள் கூலியை விட முடியுமா? அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி சொல்லும் கணக்கு இது: 40 வயதில் ஒரு முழுப் பரிசோதனை, 54 வரை ரெண்டு முதல் நாலு வருஷத்துக்கு ஒரு முறை, 55 முதல் 64 வரை ஒன்று முதல் மூன்று வருஷம், 65க்கு மேல் ஒன்று அல்லது ரெண்டு வருஷம். இது ஒரு குறையும் இல்லாதவர்களுக்கு. சுகர், வீட்டில் குளுக்கோமா, பெரிய மைனஸ் பவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டர் சொல்லும் தேதிதான் தேதி.

அப்பா அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாருக்காவது குளுக்கோமா இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. அப்பாவுக்குத் தெரிந்ததும் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை. தம்பிக்கு ஒரு கண் நரம்பு சந்தேகமாக இருக்கிறது என்று தவறாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வண்டிப்பாளையத்தான் | 22 நவம்பர் 2024

போய்விட்டு வந்தேன் அக்கா. பாதி நாள் ஆனது. அழுத்தம் 14, 15. நரம்பு, விழித்திரை எல்லாம் நன்றாக இருக்கிறதாம். ரெண்டு வருஷம் கழித்து வரச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்று கேட்கத்தான் இவ்வளவு நேரமா என்று நண்பர் கேட்கிறார்.

புதுப்பாளையம் டீச்சர் | 22 நவம்பர் 2024

ரொம்ப சந்தோஷம் தம்பி. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். இன்றைக்கு உங்கள் நரம்பு எப்படி இருக்கிறது என்று எழுத்தில் வந்துவிட்டது. ஐந்து வருஷம் கழித்து ஒரு டாக்டர் சந்தேகப்பட்டால், "பிறவியிலேயே இப்படித்தானா, இப்போது மாறியதா?" என்ற கேள்விக்குப் பதில் அந்தச் சீட்டில் இருக்கிறது. எங்கள் அப்பாவிடம் அப்படி ஒரு பழைய சீட்டே இல்லை. அதனால் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் பார்வை வட்டப் பரிசோதனை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் பார்த்துக்கொண்டு, எங்கே வெளிச்சப் புள்ளி மினுக்கினாலும் பட்டனை அமுக்க வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். முதல் தடவை பழக்கமில்லாமல் பலருக்குச் சரியாக வராது, அது கெட்டு வந்ததைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம்.

புதுப்பாளையம் டீச்சர் | 6 டிசம்பர் 2024

கரண்ட் வந்து இப்போதுதான் எழுதுகிறேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, அதன் பின்னால் தென்பெண்ணை வெள்ளம். குண்டு உப்பலவாடிப் பக்கம் இருக்கும் என் தோழி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவர் மாமனாருக்குக் குளுக்கோமா. பீரோ அடித்தட்டில் இருந்த பைல் கூழாகிவிட்டது. சொட்டு மருந்தும் போயிற்று, எந்த மருந்து என்று அவருக்குப் பெயர் தெரியவில்லை. "மஞ்சள் மூடி போட்டது" என்கிறார். மஞ்சள் மூடியில் எத்தனையோ இருக்கின்றன.

தயவுசெய்து இன்றே செய்யுங்கள்: கண் சீட்டு, ஸ்கேன், சொட்டு பாட்டிலின் லேபிள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். மழைக்காலம் தொடங்கும்போதே கையில் ஒரு பாட்டில் கூடுதலாக இருக்கட்டும். குளுக்கோமா சொட்டு நின்றால் அழுத்தம் மறுபடி ஏறும், ஏறுவது நமக்குத் தெரியாது. சொட்டு போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ரெண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். ரெண்டு மருந்து என்றால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும்.

புதுப்பாளையம் டீச்சர் | 15 டிசம்பர் 2024

மெட்ராஸ் ஐ தெருவுக்குத் தெரு. என் வகுப்பிலும் பாதி பெஞ்சு காலி. இதில் எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. மெடிக்கல் கடையில் "கண் சிவப்புக்கு ஏதாவது குடுங்க" என்றால் ஸ்டீராய்டு கலந்த சொட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒரே நாளில் சிவப்பு குறையும். நன்றாகக் கேட்கிறது என்று அந்தப் பாட்டிலைப் பத்திரப்படுத்தி, அரிப்பு வரும்போதெல்லாம் மாதக்கணக்கில் விடுகிற வீடுகள் எனக்குத் தெரியும். ஸ்டீராய்டு சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றும், சின்ன வயதிலேயே புரையைக் கொண்டுவரும். வீட்டில் பழைய சொட்டு பாட்டில் இருந்தால் குப்பையில் போடுங்கள். நீண்ட நாள் விட்டவர்கள் ஒரு தடவை அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

மாத்திரைகளிலும் இப்படி உண்டு. டிபிக்குக் கொடுக்கும் எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும், சிவப்பும் பச்சையும் மங்கினால் உடனே சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் தொடக்கத்தில் ஒரு முறை கண்ணைக் காட்டி, ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் விழித்திரையைப் பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தாழங்குடா தம்பி | 4 ஜனவரி 2025

எங்க பக்கம் கடலுக்குப் போறவங்க முக்கால்வாசி பேருக்குக் கண் ஓரத்துல சதை வளர்ந்திருக்கு. படிக்க பாண்டி ஞாயித்துக்கிழமை மார்க்கெட்ல நூறு நூத்தம்பதுக்குக் கண்ணாடி வாங்கிக்கிறாங்க. அதுவும் தப்பா?

புதுப்பாளையம் டீச்சர் | 5 ஜனவரி 2025

கண்ணாடி தப்பில்லை தம்பி. நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்கு அந்தக் கண்ணாடியால் கண் கெட்டுப்போகாது. ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்பதால் சிலருக்குத் தலை வலிக்கும், அவ்வளவுதான். என் கவலை வேறு. ஒரு தொந்தரவும் இல்லாத ஆளை நாற்பது வயதில் கண் டாக்டர் வாசலுக்குக் கொண்டுபோகும் ஒரே சாக்கு வெள்ளெழுத்துதான். குளுக்கோமாவும் சுகர் பாதிப்பும் ஆரம்பத்திலேயே பிடிபடுவது அப்படிப் போகிறபோதுதான். மார்க்கெட்டில் கண்ணாடி வாங்கியதும் அந்தச் சாக்கு போய்விடுகிறது. அடுத்து அறுபதில் புரைக்குத்தான் வருகிறார்கள். கண்ணாடியை அங்கேயே வாங்கட்டும், ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டு வந்து வாங்கட்டும்.

சதை வளர்வதற்கு வெயிலின் புற ஊதாக் கதிர் முக்கியக் காரணம். கடல் தண்ணீரிலிருந்து எதிரொளித்தும் கண்ணில் அடிக்கிறது. விளிம்பு வைத்த தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் உதவும். கருவிழி மேல் ஏறி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நடுவை நோக்கி வந்தால் எடுத்துவிடச் சொல்வார்கள்.

புதுப்பாளையம் டீச்சர் | 19 ஜனவரி 2025

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி நான் இவ்வளவு நாள் எழுதாமல் விட்டதற்கு என் தோழி சண்டை போட்டார்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். போர்டைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்தே எழுதுவான். ஒரு நாள் இடது கையால் இடது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னேன், படித்தான். வலது கண்ணை மூடச் சொன்னதும் விரல் இடுக்கு வழியாகப் பார்க்கத் தொடங்கினான். அட்டை வைத்து மூடினால் தலையைத் திருப்பி அட்டைக்கு வெளியே வருகிறான். இடது கண்ணில் பவர் நிறைய, மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமலே ஒதுக்கிவிட்டது. சோம்பேறிக் கண் என்பார்கள். நல்ல கண்ணை ஒட்டி மூடி, மந்தமான கண்ணுக்கு வேலை கொடுத்துச் சரிசெய்கிறார்கள். ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம், அதற்குப் பின்னும் முயற்சி செய்யலாம், ஆனால் கஷ்டம். பிள்ளை தானாகச் சொல்லாது. ஒரு கண் மங்கல் என்பதே அதற்குத் தெரியாது.

வீட்டில் விளையாட்டு மாதிரி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை அழுதால், தட்டிவிட்டால், அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் அவசரம்: 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் சில குழந்தைகளுக்குப் பார்வையே போய்விடும்.

கேப்பர் மலையான் | 2 பிப்ரவரி 2025

சீட்டைப் பார்த்தேன் டீச்சர், வட்டம் எதுவும் இல்லை. அடுத்த வாரம் முழுசாகப் பார்க்கப் போகிறேன். அதுவரை எதையாவது கவனிக்க வேண்டுமா?

புதுப்பாளையம் டீச்சர் | 2 பிப்ரவரி 2025

அடுத்த வாரம் வரை தாராளமாகக் காத்திருக்கலாம் சார். காத்திருக்கக் கூடாத சில விஷயங்கள் உண்டு, எல்லோருக்குமாகச் சொல்கிறேன். கண்ணுக்குள் திடீரென்று மின்னல் வெட்டுவது, கொசு பறக்கிற மாதிரி கரும்புள்ளிகள் ஒரேயடியாகக் கூடுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது: விழித்திரை கிழிந்திருக்கலாம். பெரிய மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். கண்ணில் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே தலைவலியும் வாந்தியும்: அழுத்தம் ஒரேயடியாக ஏறும் குளுக்கோமாவாக இருக்கலாம். நம்மூரில் இதைப் பித்தம், ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள், விடிவதற்குள் நரம்பு கெட்டுவிடலாம். ஒரு கண் பார்வை வலியே இல்லாமல் சட்டென்று மறைந்தாலும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். ஞாயிறோ, ராத்திரியோ என்றால் ஜிப்மர் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.